பண்டாரியின் மூக்கு

பிப்ரவரி 25, செவ்வாய்

மஸ்தான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போய்வந்தேன். மூக்கில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. இரண்டு நாசியிலும் திராட்சைக்கொத்துபோலச் சதை வளர்ந்து அடைத்திருந்ததை எடுத்துவிட்டார்கள்.

"வழியைத் திறந்து விட்டுட்டேன். இனி அது அடையாம பாத்துக்கறது உங்க கையிலதான்" என்றார் டாக்டர் ஜெயபாரதி. தினமும் மூன்று வேளை உப்பு நீரால் மூக்கைக் கழுவ வேண்டுமாம். மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று.

"வாசம் திரும்புமாம்மா?"

"திரும்பலாம். ஒழுங்கா கழுவினா."

மஸ்தான் என் தங்கை ரஹ்மத்தின் கணவர். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிற பண்டாரி. ரமலான் மாதம் முழுக்க எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சி அவர் கையில். காய்ச்சுகிறவரும் நோன்பாளி என்பதால் வாயில் வைத்துப் பார்க்க வழியில்லை. சமைக்கிறவர் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கம் கற்ற ஹஜ்ரத்மார்கள் அனுமதி சொல்லியும் கேட்கமாட்டார். ஆவியில் முகத்தைக் காட்டி ஓர் இழுப்பு இழுப்பார். "உப்பு ஒரு கை பத்தல" என்பார். உப்புக்கு வாசமே கிடையாது மாப்ளே என்று, வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாயிற்று. "உப்புக்கு இல்ல மச்சான், உப்பு விழுந்த கஞ்சிக்கு இருக்கு" என்பார். பாதி நாள் அவர் கணக்குச் சரியாக இருக்கும். மீதி நாள் ஊரே சேர்ந்து சரி என்று சொல்லிவிடும்.

போன ரமலானிலேயே வாசம் போய்விட்டது. கைப்பழக்கத்தில் ஓட்டினார். பேருந்தில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த நோன்புக்குள்ள மூக்கு வரலைன்னா கரண்டிய ஜமாஅத்துகிட்ட ஒப்படைச்சிருவேன் மச்சான். குருட்டாம்போக்குல காய்ச்சி ஊருக்கு ஊத்தக் கூடாது."

பிப்ரவரி 27, வியாழன்

முதல் பாடம் இன்று நடந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் சற்று நேரம் அடுப்பிலேயே விட்டு, மூடியபடி ஆறவைத்தேன். மணிக்கட்டில் ஊற்றினால் சுடாத பதத்தில், மருந்துக்கடையில் வாங்கிய பொட்டல உப்பைக் கரைத்துக் குப்பியில் நிரப்பினேன்.

"கேன் தண்ணியே சுத்தம்தானேண்ணே, எதுக்கு கேஸைப் போட்டு வீணாக்குறீங்க?" என்றாள் ரஹ்மத்.

நல்ல கேள்வி. வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் எனக்குத் தெம்பு வந்துவிடும். சொன்னேன்: வயிறு என்பது வாசலில் காவலாளி நிற்கிற வீடு. தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்றிரண்டு போனாலும் வயிற்றின் அமிலம் பிடித்து அழித்துவிடும். மூக்கு காவலாளி இல்லாத பின்வாசல். அதற்கு மேலே மெல்லிய சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மூளை. குடிக்க ஏற்ற தண்ணீர் எல்லாம் மூக்குக்கு ஏற்றதல்ல. கொதிக்கவைப்பதுதான் பின்வாசலுக்கு நாம் போடுகிற காவல்.

"அப்ப வாத்தியார் வீட்டுப் பின்வாசல்ல மொதல்ல ஊத்திக் காட்டுங்க" என்றார் மஸ்தான்.

எனக்கென்று தனிக்குப்பி வாங்கியிருந்தேன். ஒருவர் குப்பியை இன்னொருவர் தொடக் கூடாது. தொட்டியின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு, மேல் நாசியில் மெதுவாக அழுத்தினேன். கீழ் நாசி வழியாக அழகாக வடிந்தது. அதோடு விட்டிருக்கலாம். "இப்பக் கவனிங்க" என்று வாயெடுத்தேன். அவ்வளவுதான், தொண்டைக்குள் இறங்கிவிட்டது. நான் இருமிய இருமலில் கொடியில் இருந்த காக்கா பறந்துபோனது.

"பாடம் நடத்தாம அரை நிமிஷம் இருக்க முடியலையா மச்சான்?" மாப்பிள்ளைக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

பிறகு அவர் செய்தார். ஒரு சொல் இல்லை, ஒரு செருமல் இல்லை. முடித்துவிட்டு ஒவ்வொரு நாசியாக மெல்லச் சீந்தினார். இரண்டையும் பொத்திக்கொண்டு பலமாகச் சீந்தினால் காதை அடைக்கும் என்று டாக்டர் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. குப்பியைக் கொதிநீரில் அலசிக் கவிழ்த்து வைத்தார். பாத்திரம் புழங்குகிறவர் கை அது. பார்க்கவே நன்றாக இருந்தது.

மார்ச் 1, சனி

பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு.

மாலையில் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டோம். எங்கள் இருவரைவிடவும் வயதில் மிகச் சிறியவர், நிதானமானவர். பகலில் மூக்கு வழியாக உள்ளே தண்ணீர் இறங்கினால் நோன்பு முறியும் என்றார். "நோயாளிக்குச் சலுகை இருக்கு பாய். இப்ப விட்டுட்டுப் பின்னால பிடிச்சுக்கலாம்."

"அந்தப் பேச்சே வேணாம் ஹஜ்ரத்" என்றார் மாப்பிள்ளை.

ஆகவே நான் ஒரு கால அட்டவணை போட்டேன். விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு முன் ஒன்று. நோன்பு திறந்ததும் ஒன்று. இரவுத் தொழுகை முடிந்து வந்ததும் ஒன்று. கழுவிய உடனே படுக்காமல் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வேளை ஆயிற்று. டாக்டரும் மீறப்படவில்லை, நோன்பும் மீறப்படவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து மகள் ஃபஹீமா பேசினாள். "அத்தா, உங்க டாக்டர் உங்களை நோன்பு வைக்க வேணாம்னு சொல்லியிருக்காரு, ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருக்கிறது என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நாள் கஞ்சி. உப்புச் சற்றுக் குறைவு. யாரும் சொல்லவில்லை. என் மாத்திரை வேளைகளை மாற்றிக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் கஞ்சிக் கொட்டகையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அண்டாவில் அரிசியும் பருப்பும் குழைந்து வருகிற நேரம். எனக்கே தீய்ந்த வாடை வந்தது. மாப்பிள்ளை அண்டாவுக்கு மேலேயே முகத்தை வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாமல், நிதானமாகத் துழாவிக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று நான் தயங்கிய நேரத்தில் பிடித்துவிட்டது.

மாலையில் எல்லாரும் பேசாமல் குடித்தார்கள். கோழிக்கடை காசிம் மட்டும், "இன்னைக்குக் கஞ்சி சுட்ட கஞ்சி போல" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை என்று ரஹ்மத் சொன்னாள்.

பிற்பகலில் எனக்குக் கொஞ்சம் கை நடுக்கம். வெயில் கடுமை.

மார்ச் 7, வெள்ளி

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். நெற்றி பிளக்கிற தலைவலி. நாளை தேனி.

மார்ச் 8, சனி

இந்த நாளை எழுதுவதற்கு முன் ஒரு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். பொருக்குத் தட்டி, சீழ் கோத்திருக்கிறது. "என்ன தண்ணியில கழுவினீங்க?" என்று கேட்டார்.

"மச்சான் காய்ச்சித் தர்ற தண்ணிதாம்மா. மூணு வேளையும்." மாப்பிள்ளை கொஞ்சம் பெருமையாகவே மேலே சொன்னார்: "அதுபோகப் பொழுது சாஞ்சு ஒளுச் செய்றப்ப ஹவுள் தண்ணிய நல்லா உள்ள இழுத்து விட்டுக்கறேன். பகல்ல கழுவ முடியலையே, ஈடா இருக்கட்டும்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவித் தூய்மை செய்வது ஒளு. மூக்குக்கும் தண்ணீர் செலுத்துவது அதில் உண்டு. பள்ளிவாசலின் ஹவுள் தொட்டித் தண்ணீர் தெளிந்த தண்ணீர்தான். கோடிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அவர்கள் மூக்கில் ஆறாத புண் இல்லை. மண்டை வரைக்கும் இழுப்பதும் இல்லை. நான் கொதிக்கவைப்பதைப் பற்றி அவ்வளவு பேசினேன், ஒளுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தோன்றவேயில்லை. அவருக்கோ அது தண்ணீர் என்றே தோன்றவில்லை, வணக்கம் என்று தோன்றியிருக்கிறது.

தேங்கிய தண்ணீரில் மிக அரிதாக ஒரு கிருமி இருக்கும், அது மூக்கு வழியாக மூளைக்குப் போனால் பிழைப்பது கடினம் என்றார் டாக்டர். "இவருக்கு அப்படித் தெரியல. ஆனா காய்ச்சலும் தலைவலியும் இருக்கறதால பாத்துடறது நல்லது." முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். முடிவு வரும் வரை வார்டுக்கு வெளியே பெஞ்சில் நானும் ரஹ்மத்தும் உட்கார்ந்திருந்தோம். அவள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் என்னைப் பார்த்தாள்.

"என்னண்ணே இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஃபேன் ஓடலம்மா."

அவள் மேலே பார்த்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி மணியை உருட்டினாள்.

மாலையில் முடிவு வந்தது. அந்தக் கிருமி இல்லை. சாதாரணச் சீழ்தான், மாத்திரையில் அடங்கும். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் டாக்டர் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட்டார். பகல் முழுக்க அடுப்பனலில் நின்றால் உள்ளே காய்ந்து பொருக்குக் கட்டும். இடையில் கழுவாவிட்டால் புண்ணோடு புண் ஒட்டிக்கொள்ளும். "அடுத்த ரெண்டு, மூணு வாரம் பகல்லயும் கழுவியே ஆகணும். இல்லேன்னா வாசனையை மறந்துடுங்க."

மார்ச் 10, திங்கள்

காய்ச்சல் விட்டது. நேற்று தொழுகை முடிந்து ஹஜ்ரத், மாப்பிள்ளை, நான் மூவரும் உட்கார்ந்தோம்.

"மீசை முளைக்கறதுக்கு முந்திப் பிடிச்ச நோன்பு. ஒண்ணு விட்டதில்ல" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஹஜ்ரத் மென்மையாகப் பேசினார். ஒளுவுக்கு மூக்கு நுனியை நனைத்தால் போதும், புண் ஆறும் வரை காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவாருங்கள் என்றார். நோன்பைப் பற்றி நான்தான் நிறையப் பேசினேன். கை உடைந்த மாணவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தருகிறோம். வேண்டாம் சார் என்று உடைந்த கையாலேயே பேனாவைப் பிடிக்கிறவனை நல்ல மாணவன் என்பீர்களா? விதியைப் போட்டவனே விலக்கையும் தந்திருக்கிறான். விதியை மட்டும் எடுத்துக்கொண்டு விலக்கைத் திருப்பிக் கொடுப்பது என்ன மரியாதை?

மாப்பிள்ளை என்னை வெகுநேரம் பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

"சரி மச்சான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

பகல் கழுவலை வீட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்றாள் ரஹ்மத். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஊர் வாய் பொல்லாதது.

மாப்பிள்ளை மறுத்துவிட்டார். "ஒளிச்சுச் செஞ்சா திருடுன மாதிரி ஆயிரும். அல்லா குடுத்ததை எதுக்கு ஒளிக்கணும்?"

மதியம் கஞ்சிக் கொட்டகைக் குழாயடியில், இஞ்சி பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் பார்க்க, குனிந்து நின்று கழுவினார். நான் ஆறிய வெந்நீரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு எனக்கு நோன்பில்லப்பா, மூக்குக்கு வைத்தியம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

காசிம் விடுவாரா? "அப்ப இந்த வருஷம் பண்டாரி ருசி பாத்தே காய்ச்சுவாக."

"ஆமா காசிமு. இதுவரைக்கும் கெட்டுப்போனா, நோன்பாளி பாவம்னு விட்டாய்ங்க. இனி அந்தச் சாக்கும் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள், காசிம் உட்பட.

கஞ்சி இறங்குகிற நேரம். ஒரு கரண்டி எடுத்து ஊதினார். இத்தனை வருடங்களில் பொழுது சாய்வதற்கு முன் தன் கஞ்சியை அவர் வாயில் வைத்தது இன்றுதான். சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடி, வாயிலேயே வைத்திருந்து, விழுங்கினார்.

பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சூடு தெரியுது. உப்புத் தெரியுது. கஞ்சி தெரியல மச்சான்."

நாக்குக்குத் தெரிவது சில சுவைகள்தான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை என்று பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் ஒரு மனிதன் முகத்தில் எப்படி இருக்கும் என்று இன்று பார்த்தேன்.

மார்ச் 15, சனி

வேளை தவறுவதில்லை. குப்பி, பொட்டலம், ஆறிய வெந்நீர். நேற்றுக் காய்ச்சிய தண்ணீர் மீதியிருந்தால் செடிக்கு ஊற்றிவிட்டு இன்றைக்குப் புதிதாகக் காய்ச்சுகிறார். என்னைக் கேட்பதுகூட இல்லை. வாழ்நாள் முழுக்க விறகடுப்பில் நின்றவர், புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதும் ஜமாஅத் தலைவரிடம் நேரே போய்க் கேட்டு கேஸ் அடுப்புக்கு மாற்றிவிட்டார். காது அடைத்த மாதிரி இருந்த ஒரு வேளை, முரட்டுத்தனமாக அழுத்தாமல் நிறுத்திவிட்டு, டாக்டருக்குப் போன் செய்து கேட்ட பிறகே மறுபடி தொடங்கினார்.

நான் பார்த்த நல்ல மாணவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். கெட்டிக்காரத்தனம் கண்ணில் படாமல் நல்ல மாணவராக இருப்பவர் இவர்தான்.

மார்ச் 18, செவ்வாய்

படுத்தே இருந்தேன். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன்

மதியத் தொழுகை முடிந்து வெளியே வருகிறோம். படிக்கட்டில் மாப்பிள்ளை சட்டென்று நின்றார். பின்னால் வந்தவர் அவர் மேல் மோதினார்.

"மச்சான், ஏதோ நாறுது."

கீழே செருப்புகள். நூறு செருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. குனிந்து, ஒரு பழைய தோல் செருப்பைக் கையில் எடுத்து மூக்கில் வைத்து இழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"யாரு செருப்புங்க இது? மாஷா அல்லாஹ், என்னா நாத்தம்!"

செருப்புக்குச் சொந்தக்காரர் கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

ஒவ்வொன்றாக வருகிறது. முதலில் செருப்பு, பிறகு பூண்டு, நேற்று வெந்தயம், இன்று புதினா. ரஹ்மத் தலையில் வைத்திருந்த மல்லிகைப்பூ தெரிந்ததாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார்.

மார்ச் 24, திங்கள்

டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, "பாடப்புத்தகத்துல போடலாம் இந்த மூக்கை" என்றார். புண் ஆறிவிட்டது. வெள்ளிக்கிழமை முதல் காலை மாலை கழுவினால் போதும், நோன்பு பிடிக்கலாம். வழி முழுக்க மாப்பிள்ளை பேசிக்கொண்டே வந்தார். விட்ட நோன்புகளைப் பெருநாளுக்குப் பிறகு வரிசையாகப் பிடித்துவிடுவாராம்.

பேருந்தில் நான் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஊர் வந்ததும் அவர் எழுப்பினார். எழுப்பச் சிரமப்பட்டதாகச் சொன்னார்.

மார்ச் 27, வியாழன்

பிற்பகல் கொட்டகைக்குப் போனேன். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பேப்பரை விரித்தேன்; எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எழுந்து நின்றேன். ஓர் அண்டா இரண்டாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். "சில்லுன்னு இருக்கு" என்றார். கொட்டகைக்கு முன்னால் இருக்கிற பெஞ்சில் என்னை உட்காரவைத்து, உள்ளங்கையில் பேரீச்சம்பழங்களை வைத்தார்.

"கொஞ்ச நேரம் படுத்தா சரியாகிரும் மாப்ளே. வெயில்."

"மொத நோன்புலருந்து வெயில்தான் உங்களுக்கு."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். நோன்பு எனக்கு ஆகவில்லை என்று ரஹ்மத்துக்கு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே தெரியுமாம். அதற்கும் முன்பே அவருக்குத் தெரியுமாம். ஹஜ்ரத் முன்னால் நான் பேசிய அன்று, அந்தப் பேச்சுக்குள் நானும் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வாத்தியாருக்குச் சொல்லிக் குடுக்க எனக்கென்ன தெரியும்? நீங்களா வந்துருவீங்கன்னு நெனச்சேன். இன்னைக்குக் கையத் தொட்டதும் பயந்துட்டேன் மச்சான்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். அது இனிப்பாக இருந்தது என்பதைத் தவிர அந்தக் கணத்தைப் பற்றி வேறொன்றும் எழுத முடியவில்லை.

அவர் இரண்டு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நாளையிலருந்து எனக்கு நோன்பு. இன்னைக்கு ஒரு நாள் துணைக்குக் குடிக்கறேன்."

பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பழைய மாணவர்கள் பாதிப் பேர். பலர் பார்க்காததுபோலப் போனார்கள். காசிம் நின்றேவிட்டார்.

"காசிமு," என்றார் மாப்பிள்ளை, "வாத்தியாருக்குச் சர்க்கரை. எனக்கு மூக்கு. உனக்கு என்ன நோவுன்னு இங்கயே நிக்குற?"

காசிம் தலையைச் சொறிந்துகொண்டார். "இல்ல பண்டாரி, வாத்தியாருக்குத் தொட்டுக்க வடை ஏதும் வாங்கியாரவான்னு..."

மாப்பிள்ளை பதில் சொல்ல வாயெடுத்தவர், நிறுத்தினார். முகம் கொட்டகைப் பக்கம் திரும்பியது. மூக்கு ஒரு முறை விரிந்தது. எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை, காசிமுக்கும் தெரியவில்லை.

"அடிப்பிடிக்கப் போகுது!" கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். உள்ளே கரண்டி அண்டாவின் அடியை வழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், நிம்மதியாக, யாருக்கோ இல்லாமல்: "பிடிக்கல. பிடிக்கல."

பெஞ்சில் நான் தனியாக இருந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எழுந்து உள்ளே போய்க் குடிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து, முழுவதும் குடித்தேன்.